குறுக்கு வலிக்கும் பட்டம் உண்டு
காவிரி டெல்டாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவர்களே, கிராம சுகாதாரச் செவிலியர் சகோதரிகளே, பிசியோதெரபிஸ்டுகளே, வீடு தேடி மருந்து கொண்டுவரும் மகளிர் தன்னார்வலர்களே,

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வேலை பார்க்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் மருத்துவர்கள் பலர் இந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை. வேறு மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வந்து, சில ஆண்டுகள் இருந்து, மேல்படிப்புக்கோ மாறுதலிலோ போய்விடுவீர்கள். அதற்குள் எத்தனையோ இடுப்புகளையும் முழங்கால்களையும் தோள்களையும் பார்த்திருப்பீர்கள். வரிசை நீளம், ஒருவருக்கு ஒதுக்க முடிந்த நேரம் ஓரிரு நிமிடம். ஓபி சீட்டில் உடம்பு வலி என்று எழுதி, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவதைத் தவிர அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்த வலி எந்த வேலையில் வந்தது, அந்த வேலையில் எத்தனை நாளாக இருக்கிறார்கள் என்று கேட்டு, அதைச் சீட்டில் எழுதுங்கள். மீதி எல்லாம் அதிலிருந்து தொடங்கும் என்று நம்புகிறேன். ஏன் அப்படி நம்புகிறேன் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

நெல்லுக்குப் பட்டம் இருப்பதுபோல நெல்லில் உழைக்கும் உடம்பின் வலிக்கும் பட்டம் உண்டு. அதைத் தீர்மானிப்பது மேட்டூர். வழக்கப்படி ஜூன் 12 அன்று அணை திறந்தால் ஆனி, ஆடியில் குறுவை நடவு. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் களை. ஆவணியில் சம்பா நாற்றங்கால், புரட்டாசியில் சம்பா நடவு. அதே புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் குறுவை அறுவடை. குறுவை அறுத்த வயலைச் சேறடித்து உடனே தாளடி நட வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் தீபாவளிச் செலவும் பள்ளிப் பிள்ளைகளின் காய்ச்சலும் அந்த நேரத்தில்தான் வரும். தையில் சம்பா அறுவடை, மாசியில் தாளடி. பங்குனி வெயிலில் உளுந்தும் பயறும் பறிக்க வேண்டும். சித்திரையில் கொஞ்சம் மூச்சு விடலாம்; ஆனால் அப்போது கையில் கூலி இருக்காது.

இது ஒழுங்காக நடக்கும் ஆண்டின் கணக்கு. 2022இல் மே 24 அன்றே தண்ணீர் வந்தது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் தள்ளிப்போனால் வேலை குறைந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் வேலை ஒரே இடத்தில் குவிந்துவிடும். ஆறு வாரத்தில் பரவலாக நடக்க வேண்டிய நடவு மூன்று வாரத்துக்குள் நெருக்கிக்கொண்டு வரும். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டால் முறை போவதற்குள் நட்டாக வேண்டும். எல்லா வயலும் ஒரே நேரத்தில் ஆள் கேட்கும். இருக்கிற ஆட்களோ கொஞ்சம். ஒரே நடவு செட்டு ஓய்வே இல்லாமல் ஊர் மாற்றி ஊர் போகும். மேட்டூர் அறிவிப்பு செய்தித்தாளில் வரும் அன்றே, இன்னும் சில வாரத்தில் உங்கள் ஓபியில் யார் வந்து நிற்பார்கள் என்று நீங்கள் கணித்துவிடலாம். டெங்குவுக்கு மழையைப் பார்த்துத் தயாராகிறோமே, அதுபோல இதற்கும் தண்ணீரைப் பார்த்துத் தயாராக முடியும்.

நடவு என்பது என்ன வேலை என்று எண்ணிக்கையில் சொல்கிறேன். மத்திய கால ரகங்களுக்கு வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டர் என்று இடைவெளி சொல்வார்கள். சதுர மீட்டருக்கு 50 குத்து, ஏக்கருக்கு இரண்டு லட்சம். கயிறு பிடிக்காத கை நடவில் குத்து கொஞ்சம் எட்டியே விழும் என்று ஒன்றரை லட்சமாகக் குறைத்துக்கொள்வோம். பத்துப் பேர் ஒரு நாளில் ஒரு ஏக்கரை முடித்தால் ஆளுக்குப் பதினைந்தாயிரம் குத்து. ஆறரை மணி நேர வேலையில் இரண்டு நொடிக்குள் ஒரு குத்து. ஒவ்வொன்றுக்கும் இடக்கையில் பிடித்த முடியிலிருந்து, அதாவது நாற்றுக் கட்டிலிருந்து, இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, வலக்கைக் கட்டைவிரலால் சேற்றில் ஊன்றி, கையை வெளியே எடுக்க வேண்டும். இடுப்பு முழுதாக மடிந்திருக்கும். முழங்கால் ஏறக்குறைய நேராக நிற்கும். கால் சேற்றில் புதைந்திருக்க, அதைப் பிடுங்கிப் பின்பக்கமாக வைத்து நகர வேண்டும். நிமிர்ந்தால் வரிசை பிந்திவிடும். பக்கத்தில் நடுகிறவள் முந்திப் போய்விட்டால் தன் பங்கு தெரிந்துபோகும் என்று யாரும் நிமிரமாட்டார்கள். நாள் கூலியாக இருந்தால் வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கவாவது நேரம் கிடைக்கும். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி நடும்போது அந்த நேரமும் சுருங்கிவிடுகிறது.

முதுகு முழுதாக மடிந்து நிற்கும்போது தசைகள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடுகின்றன, பாரம் தசைநார்களின் மேல் விழுகிறது என்பது உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். நெடுநேரம் இழுபட்ட நார்கள் நிமிர்ந்தவுடன் பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. பல மணி நேரம் தளர்ந்தே இருக்கின்றன. அந்தத் தளர்ந்த நிலையில் ஏதாவது பாரம் தூக்கினால் குறுக்கு எளிதில் பிடித்துக்கொள்கிறது. எங்கள் பெண்கள் நடவு முடிந்து கரையேறியதும் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டுக்குப் புல்லுக் கட்டைத் தலையில் வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் குடிதண்ணீர்க் குடம், துவைக்க வேண்டிய சேற்றுத் துணி, அடுப்படி. அப்போது பிடிக்கும் வலியை வயலில் வந்த வலியாக அவர்கள் சொல்லமாட்டார்கள். "குடத்தத் தூக்கினேன், புடிச்சுக்கிச்சு டாக்டர்" என்பார்கள். சீட்டில் குடம் ஏறும், வயல் ஏறாது. காலையில் நடவுக்குப் போனீர்களா என்று நீங்கள் கேட்டால் மட்டுமே அது வெளியே வரும்.

கட்டைவிரல் அடிமூட்டு வலி, நகச்சுத்தி, கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், முழங்காலின் உட்பக்கக் குடைச்சல், இரவில் கை மரத்துப்போவது ஆகிய எல்லாமே ஒரே வேலையின் தடங்கள். தனித்தனி நாளில் தனித்தனி நோயாக வந்து நிற்பதால் அவை சேர்ந்து கண்ணில் படுவதில்லை.

இயந்திரம் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். வந்துவிட்டது, ஆனால் எல்லா வேலைக்கும் வரவில்லை. உழவு டிராக்டருக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. அறுவடையும் பெரும்பாலும் மெஷினுக்குப் போய்விட்டது. அரிவாளோடு போய் நெல்லாகக் கூலி வாங்கி வந்த பெண்களுக்கு அந்தக் கூலி நின்றது. நடவு இயந்திரம் பாய் நாற்றங்காலும் சமமான வயலும் கேட்கிறது, எல்லா வயலுக்கும் வரவில்லை. ஆக, மிச்சம் இருப்பவை குனிந்து செய்யும் வேலைகள்: நடவு, களை, நாற்று பிடிக்காத இடத்தில் மறுபடி நடும் பாடுவாசி நிரப்புதல். மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் பயிரை மெஷின் எடுக்காது. அன்று மறுபடியும் அரிவாளுக்கு ஆள் தேடுவார்கள். கடைமடையில் நேரடி விதைப்பு பெருகியிருக்கிறது. நடவு மிச்சம் என்று அதைப் பாராட்டுகிறோம்; ஆனால் நேரடியாகத் தெளித்த வயலில் களை அதிகமாகத் தெரியும், அதையும் குனிந்துதான் பறிக்க வேண்டும். ஒற்றை நாற்று நடவில் 22.5 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு குத்து என்பதால் ஏக்கருக்கு எண்பதாயிரம் குத்தோடு முடிந்துவிடும், இது பெரிய நிம்மதி. ஆனால் அந்த முறையின் களைக்கருவியான கோனோவீடரைச் சேற்றில் தள்ள நல்ல பலம் வேண்டும்; பெண்களின் உயரத்துக்கும் கைக்கும் பொருந்துகிற கருவியாக அது அவர்களுக்கு வந்து சேரவில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. இளம்பெண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் நகரத்து ஜவுளிக்கடைகளுக்கும் போய்விட்டார்கள். பிள்ளைகள் படித்து வெளியேறியதில் எனக்கு மகிழ்ச்சிதான். நடவு செட்டில் மிஞ்சியிருப்பவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். அறுபதைத் தாண்டியவர்களும் உண்டு. ஆள் போதாத இடங்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நடுகிறார்கள். அவர்கள் தங்கும் கொட்டகைகளுக்கும் உங்கள் செவிலியர் ஒருமுறை போய் வரவேண்டும். குனியும் வேலை அப்படியே இருக்க, குனியும் உடம்புக்கு மட்டும் வயதாகிக்கொண்டே போகிறது. வயதானால் வலிக்கத்தான் செய்யும் என்று இவர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். வயதுக்கு உரிய வலியும் வேலைக்கு உரிய வலியும் ஒன்றல்ல என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். வைகாசியில் இல்லாத வலி ஆடியில் வந்தால் அதை எப்படி வயதின்மேல் போட முடியும்?

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்றுப் பறிப்பது, முடி கட்டிச் சுமந்து வயலில் வீசுவது, மண்வெட்டியால் அண்டை வெட்டி வரப்பு போடுவது, மருந்தடிப்பது எல்லாம் அவர்கள் பக்கம். 16 லிட்டர் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு சேற்றில் நடந்து பாருங்கள், தோளும் முழங்காலும் என்ன பாடுபடும் என்று தெரியும். அறுவடைக்குப் பிறகு கொள்முதல் நிலையம். அங்கே ஒரு சிப்பம் 40 கிலோ. சுமைதூக்கும் தொழிலாளி ஒரு நாளில் அப்படி எத்தனையோ சிப்பங்களைத் தோளில் ஏற்றி, அட்டியில் அடுக்கி, பிறகு லாரியிலும் ஏற்றுகிறார். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், சூழல் எல்லாம் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்க ஏற்ற எடை 23 கிலோ என்று வரையறுத்திருக்கிறது. ஈர நெல்லைக் கொண்டுவந்த விவசாயக் குடும்பமோ ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரும்வரை அங்கேயே கிடக்கும். காலையில் கொட்டிக் காலால் கிளறிக் காயவைத்து, மழை இருட்டினால் ஓடிப்போய்க் குவித்து, படுதா போட்டு மூடி, மறுநாள் மறுபடி விரிப்பார்கள். இரவில் குவியலுக்குப் பக்கத்திலேயே படுக்கை. புரட்டாசி, ஐப்பசியில் இப்படிப் பல இரவு கண்விழித்தவர் உங்களிடம் ரத்த அழுத்தம் ஏறி வந்து நிற்பார். மாத்திரை சாப்பிடவில்லையா என்று கோபப்படுவதற்கு முன்னால், நெல் எங்கே கிடக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஊசி. டெல்டா முழுக்க, ஊசி போட்டால்தான் வலி கேட்கும் என்ற நம்பிக்கை ஊறியிருக்கிறது. நீங்கள் போடாவிட்டால் தனியாரிடம் போவார்கள். அங்கேயும் காசில்லாவிட்டால் மருந்துக்கடையில் பெயர் தெரியாத மாத்திரைகளைக் கலந்து கட்டிய ஒரு பொட்டலத்தை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் வயலில் இறங்குவார்கள். வலியைக் குறைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்வதற்காகத்தான் அந்த மாத்திரை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நடவு வயலில் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடமில்லை என்பதால் விடியலிலிருந்தே அடக்கிக்கொள்வார்கள். வியர்த்து, நீர் வற்றிய உடம்பில் டைக்ளோபினாக் போன்ற மருந்து நாள்கணக்கில் இறங்கினால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் நெல் விவசாயக் குடும்பங்களை 1990களிலிருந்து வாட்டிவரும், காரணம் இன்னும் முழுதாக விளங்காத சிறுநீரக நோயைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். நம் வயல்களில் அப்படி ஏதும் இல்லை என்று சொல்ல நாம் முதலில் தேடிப் பார்த்திருக்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வருகிறவர்களிடம், வலி மாத்திரை எத்தனை நாளாக, எங்கே வாங்கி என்று கேட்டு, ஒரு கிரியாட்டினின் பரிசோதனையும் சேர்த்து எழுதுங்கள். அதிகாரிகளுக்கு எழுதும்போது வயலோரம் ஒரு மறைப்புக் கழிப்பிடம் வேண்டும் என்று மருத்துவராக நீங்கள் எழுதினால் அதற்கு எடை உண்டு. நாங்கள் எழுதினால் அது வெறும் கோரிக்கை மனு.

சேறு கொண்டுவரும் நோய்களில் எலிக்காய்ச்சலை நம் பக்கத்து மாநிலம் எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். கேரளத்தில் வயலிலும் வாய்க்காலிலும் இறங்குபவர்களுக்கு மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளினைத் தடுப்பு மருந்தாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது சுகாதாரத் துறை. வாய்க்கால் தூர்வாரும் நூறு நாள் வேலையாட்களுக்கும் அதையே சொல்கிறார்கள். நம் ஐப்பசி, கார்த்திகைக்கு அது ஏன் பொருந்தாது என்று வட்டார மருத்துவ அலுவலர்கள் யோசிக்க வேண்டும். சேற்றுப்புண்ணோடு தண்ணீரில் நிற்கும் கால், அந்தக் கிருமிக்குத் திறந்துவைத்த வாசல்.

பாம்புக்கடி விஷயத்தில் தமிழ்நாடு ஒரு நல்ல காரியம் செய்தது. 2024 நவம்பரில் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. இனி ஒவ்வொரு கடியும் பதிவாகும். பதிவானால் எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில் அதிகம் என்று தெரியும். நச்சுமுறி மருந்து அங்கே முன்கூட்டியே போய்ச் சேரும். அறுப்புக் காலத்தில் வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கும் என்பது எங்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். ஆனால் நாங்கள் அறிந்திருந்ததால் மருந்து வந்து சேரவில்லை. எண்ணப்பட்டதால்தான் வரப்போகிறது. குறுக்கு வலியையும் எண்ண வேண்டும் என்று நான் கேட்பது இந்தக் காரணத்தால்தான்.

கர்ப்பிணிகளின் விஷயம் செவிலியர் சகோதரிகளுக்கு. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்றொரு சிறிய நாடு இருக்கிறது. அங்கே மழைக்காலத்தில் நெல் வயலில் இறங்குபவர்கள் பெண்கள். பழைய தானியம் தீர்ந்து புதியது வராத, வேலையும் காய்ச்சலும் உச்சத்தில் இருக்கும் அந்த மாதங்களைப் பசிக்காலம் என்கிறார்கள். கெனெபா முதலான கிராமங்களில் பல பத்தாண்டுகள் ஆராய்ச்சியாளர்கள் தங்கி எடைபோட்டுப் பார்த்ததில், அந்த மாதங்களில் தாய்மாரின் எடை குறைந்தது, பிறக்கும் குழந்தைகளின் எடையும் குறைந்தது தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் வேர்க்கடலை பிஸ்கட் கொடுத்தபோது, பசிக்காலத்தில் பிறந்த குழந்தைகளின் எடை சராசரி 201 கிராம் கூடியது. அறுவடைக் காலத்தில் பிறந்தவர்களுக்கு அதே பிஸ்கட் கூட்டியது 94 கிராம்தான். இது 1997இல் வெளியான முடிவு. அதே உணவு, எந்த மாதத்தில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு மடங்கு பலன் தந்திருக்கிறது.

நம் நிலை காம்பியாபோல இல்லை. ரேஷன் அரிசி இருக்கிறது, அங்கன்வாடிச் சத்துமாவு இருக்கிறது, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி இருக்கிறது. ஆனாலும் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21இல் பார்த்தபோது தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்த உடம்போடு, நான்கு மாதக் கர்ப்பத்தோடு நடவுக்குப் போகிறவர்களை உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போது பிரசவத் தேதியோடு, அவர் வீட்டு நடவும் அறுப்பும் எந்த மாதம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கூடுதல் கவனிப்பு அந்த மாதத்துக்கு வரட்டும். பிள்ளை பெற்ற பிறகு எப்போது வயலில் இறங்குகிறார் என்றும் கேளுங்கள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கனக்க நட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. விடியலில் கிளம்பும் தாய்க்கு, அதற்குப் பிறகு திறக்கும் அங்கன்வாடியால் பயனில்லை. நடவு மாதங்களில் மட்டுமாவது சீக்கிரம் திறக்கச் சொல்லி நீங்களும் குரல் கொடுங்கள்.

அடி இறங்குவதைப் பற்றி, அதாவது கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றி, நாற்பதைத் தாண்டிய பெண்கள் உங்களிடம் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். ஆண் மருத்துவர் என்றால் நிச்சயம் சொல்லமாட்டார்கள். குத்துக்காலிட்டுக் களை பறிக்கும்போது கையால் உள்ளே தள்ளிவிட்டு வேலையைத் தொடர்கிற பெண்களின் பேச்சை நான் வயல்வரப்பில் கேட்டிருக்கிறேன். 1989இல் வெளியான ஆய்வுக்காக மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் இருவரும் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலிக் கிராமங்களில் பெண்களை வீடு வீடாக அழைத்துப் பரிசோதித்தபோது 92 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மகளிர் நோய் இருந்தது. மிகச் சிலர்தான் அதற்கு முன் மருத்துவம் பார்த்திருந்தார்கள். கேட்கும் விதத்தில் கேட்டால் சொல்வார்கள் என்பதற்கு அது சாட்சி. துணை சுகாதார நிலையத்தில் கதவைச் சாத்தி, பெண் செவிலியர் மெதுவாகக் கேட்டால் போதும்.

இந்த நடவாட்கள் யார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. திருவாரூர் மாவட்ட மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர். சொந்த நிலம் இல்லாமல் பிறர் வயலில் குனிபவர்களில் பெரும்பாலோர் அவர்களே. கூலிக்காக இந்த மண் கொடுத்த விலை பெரிது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்த போராட்டத்தின் வேர் அறுவடைக் கூலி நெல்லின் அளவு. மறுவருடம் வேளாண் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் வந்தது. கூலியின் அளவு சட்டத்தில் ஏறியது. அந்தக் கூலிக்கு உழைத்த முதுகுக்கு என்ன ஆயிற்று என்பது எந்தப் பதிவேட்டிலும் இன்றுவரை ஏறவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இஎஸ்ஐ இருக்கிறது, வயலுக்கு இல்லை. உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்து மரணத்துக்கும் உறுப்பு இழப்புக்கும் உதவி உண்டு. முப்பது ஆண்டு குனிந்து நிமிர முடியாமல் போன இடுப்பை அந்தத் திட்டம் விபத்தாகப் பார்ப்பதில்லை. நாளை யாராவது இதற்காகக் கேட்டுப் போனால் முதல் கேள்வி, ஆதாரம் எங்கே என்பதாக இருக்கும். உங்கள் ஓபி பதிவேடுதான் அந்த ஆதாரம்.

ஓய்வெடுங்கள், குனியாதீர்கள் என்று எழுதிக் கொடுக்கும் அறிவுரையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லுங்கள். நடவு மாதத்துக் கூலியை வைத்துத்தான் கடன் அடைக்க வேண்டும். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் சீட்டை மடித்து முந்தானையில் செருகிவிடுவார்கள். செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். மணிக்கு ஒருமுறை முழுச் செட்டும் சேர்ந்து நிமிர்ந்து நிற்பது. முந்துவதும் பிந்துவதும் எல்லோருக்கும் சமமாகிவிட்டால் யாரும் கூச்சப்படமாட்டார்கள். நட்டுக் கரையேறியதும் புல்லுக் கட்டைத் தூக்காமல் பத்து நிமிடம் நடந்துவிட்டுப் பிறகு தூக்குவது. வயதானவர்களுக்கு நாற்று முடியைப் பிரித்துப் போடும் வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பது. இதையெல்லாம் தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் சொல்வதைவிட, செட்டைக் கூட்டிப் போகும் அம்மாவை அழைத்துப் பேசுங்கள்; அவர் சொன்னால் பதினைந்து பேரும் கேட்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது பிசியோதெரபியும் அதில் சேர்ந்தது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று எனக்குத் தெரியும். படுக்கையில் கிடந்த பலரை அது எழுப்பியிருக்கிறது. அந்த பிசியோதெரபிஸ்டு நடவு மாதங்களில் வாரம் ஒரு மாலை, ஆட்கள் வீடு திரும்பிய பிறகு, தெருவுக்கு வர முடியுமா என்று பாருங்கள். படுத்த பிறகு பார்ப்பதைவிட நடக்கும்போதே பார்ப்பது அவருக்கும் எளிது. ஓபி நேரமும் அப்படித்தான். நடவாள் வயலில் இருக்கும் காலைப் பொழுதில் உங்கள் கதவு திறந்திருக்கிறது. அவள் வரும் மாலையில் மருத்துவர் இருப்பதில்லை. ஆடி, புரட்டாசி, ஐப்பசி, தை மாதங்களில் வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஓபி வைக்க வட்டார அளவில் முடிவெடுக்க வேண்டும்.

வருகிற குறுவையிலிருந்து தொடங்கலாம். பதிவேட்டில் இதற்கென்று கட்டம் இல்லை என்பது எனக்குத் தெரியும். புதுக் கட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நோய் எழுதும் கட்டத்திலேயே இரண்டு சொல் சேர்த்து எழுத இடம் இருக்கிறது: "குறுக்கு வலி, நடவு, 9ஆம் நாள்." "தோள் வலி, சிப்பம் தூக்குதல், 3 வாரம்." மாதக் கடைசியில் அந்த வரிகளை மட்டும் ஒருவர் எண்ணி, வட்டார ஆய்வுக் கூட்டத்தில் டெங்கு, பிரசவம், தடுப்பூசிக் கணக்கோடு சேர்த்து வாசித்துவிடுங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
திருவாரூர் மாவட்டத்து நடவாள் ஒருத்தியின் மகள்